கொழும்பில் சின்ன விருந்தினர் வீடு நடத்துகிறீர்களா? அக்கம்பக்கத்துக் கடைகள் வழியாக ஆட்கள் வர என்ன செய்யலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு மேல்மாடியில் மூன்று அறைகள் சும்மா கிடந்தன. அவற்றைக் காலைச் சாப்பாட்டோடு வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. இதே மாதிரி வீட்டைத் திறக்க நினைக்கிறவர்கள், திறந்துவிட்டு ஆள் வராமல் இருக்கிறவர்கள் என்று நிறையப் பேர் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இணையத்தில் அறையைப் போட்டால் போதாதா? கடை கடையாக ஏன் ஏறி இறங்க வேண்டும்?

இணையமும் வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அதற்கு அந்தத் தளங்கள் வாடகையில் நூற்றுக்குப் பதினைந்து அளவில் எடுத்துக்கொள்ளும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

ஆனால் இணையம் ஒன்றையே நம்பியிருந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2018 இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் மேலான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முன்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. பிறகு கொரோனா. 2021 இல் முழு வருடத்துக்கும் வந்தவர்கள் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. 2022 இல் பெற்றோல் வரிசை. அந்த வருடங்களில் என் போனுக்குத் தளங்களிலிருந்து ஒரு செய்தியும் வராத மாதங்கள் உண்டு.

அப்போதும் எங்கள் அறைகளில் ஆள் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வீசா நேர்முகத்துக்கு வந்த பிள்ளை, மட்டக்களப்பிலிருந்து வைத்தியரைக் காண வந்த அம்மா, வவுனியாவிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பம். இவர்களில் ஒருவரும் எங்களை இணையத்தில் பார்த்து வரவில்லை. பஸ் கவுண்டரில், போட்டோகொப்பி கடையில், புடவைக்கடையில் யாரோ சொல்லி வந்தவர்கள். ஊரடங்கு இல்லாத நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவர்களால்தான். அந்தக் கடைக்காரர்களுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

சரி, முதலில் எந்தக் கடைக்குப் போவது?

பெரிய கடை, சின்னக் கடை என்று பார்க்க வேண்டாம். "இங்க பக்கத்தில தங்க நல்ல இடம் இருக்கா?" என்று வெளியூர் ஆள் யாரிடம் கேட்பார் என்று யோசியுங்கள். அந்த ஆளிடம்தான் போக வேண்டும்.

வெள்ளவத்தையில் அது முதலாவதாக யாழ்ப்பாண பஸ் கவுண்டர்கள். இரவில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் பஸ்கள் விடியற்காலையில் காலி வீதியில் ஆட்களை இறக்கிவிடும். நாலரை மணிக்கு, இரண்டு பெட்டியோடு, கையில் தூங்கும் பிள்ளையோடு ஒரு தாய் இறங்கி நிற்கிறார் என்று வையுங்கள். பெரிய ஹோட்டலில் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் என்பார்கள். அவருக்கு அந்த நேரத்தில் தேவை ஒரு குளியலறை, ஒரு தேத்தண்ணி, பிள்ளையைக் கிடத்த ஓர் இடம். நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அறை காலியாக இருந்தால் ஐந்து மணிக்கே தருவோம், மேலதிகக் காசு இல்லை. காலியில்லை என்றால் ஹோலில் இருக்கலாம், குளிக்கலாம், பெட்டியை வைத்துவிட்டு அலுவலைப் பார்க்கப் போகலாம். இதை மட்டும் பஸ் கவுண்டர் தம்பியிடம் சொன்னேன். விளம்பரம் என்று நான் செய்ததில் இதைவிடப் பலன் தந்தது வேறொன்றும் இல்லை. விடிய வரும் பயணி அவருக்கும் தலையிடிதான். எங்கே அனுப்புவது என்று அவரும் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடுத்தது கொமியுனிகேஷன் கடைகள். வீசாவுக்கு வருகிறவர்கள் போட்டோ எடுக்க, விண்ணப்பம் அச்சடிக்க, போட்டோகொப்பி அடிக்க அங்கேதான் வருவார்கள். ஒரு கடுதாசி குறைந்துவிட்டது, நாளைக்கும் நிற்க வேண்டும் என்ற நிலை அந்தக் கடையில் வைத்துத்தான் தெரியவரும். பிறகு பார்மசி. பிறகு நகைக்கடை, புடவைக்கடை. பேக்கரியைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் காலை ஆறு மணிக்குத் திறந்திருப்பது அதுதான்.

உங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் என்றால் கணக்கு மாறும். அங்கே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருகிறவர்கள், செட்டியார் தெருவுக்கு நகை எடுக்க வருகிறவர்கள், புறக்கோட்டைக்கு மொத்தச் சாமான் வாங்க வரும் வெளியூர் வியாபாரிகள். கோட்டை ரயில் நிலையப் பக்கம் என்றால் இன்னும் வேறு. உங்கள் தெருவுக்கு யார், எதற்காக வருகிறார்கள் என்று ஒரு கிழமை கவனித்துப் பாருங்கள்.

கடைக்குள் போய் என்ன சொல்ல வேண்டும்? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் வருவது நியாயம்தான். நானும் முதல் தடவை ஒரு கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். அந்தக் கடையில் அதற்கு முன் ஒரு சவர்க்காரக் கட்டிகூட வாங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போன உடனேயே உதவி கேட்பதுதான் பிழை.

முதலில் அந்தக் கடையில் வாங்குங்கள். விருந்தினருக்குத் தேவையான சவர்க்காரம், பல்பு, தலையணை உறை, பாண், பால்மா எல்லாவற்றையும் சுப்பர் மார்க்கெட்டில் ஒரே தடவையில் வாங்கிவிடாமல் தெருவிலேயே பிரித்து வாங்குங்கள். நாலைந்து ரூபா கூட வரலாம். போகட்டும். அப்புறம் உங்கள் வீட்டில் நிற்கிற விருந்தினரை அந்தக் கடைக்கு அனுப்புங்கள். "எங்கட வீட்டில நிக்கிற ஆள் வருவார், நல்ல சாரம் ஒன்று பார்த்துக் குடுங்கோ" என்று முன்கூட்டியே ஒரு சொல். இப்படி மூன்று நான்கு பேர் போன பிறகு அந்தக் கடைக்காரர் தானாகவே கேட்பார்: "அக்கா, உங்கட வீட்டில அறை எப்பிடி, என்ன விலை?" நீங்கள் வாய் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.

அதோடு நிற்காமல், வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள். ஒரு பின்னேரம் கடை பூட்ட முன் வந்து தேத்தண்ணி குடிக்கட்டும். அறையைத் திறந்து காட்டுங்கள், குளியலறையையும் காட்டுங்கள். அவர் ஒருவரை உங்களிடம் அனுப்பும்போது தன் பெயரைத்தான் ஈடாக வைக்கிறார். அறை சரியில்லை என்றால் அந்த ஆள் நாளைக்கு வந்து நிற்பது அவருடைய கடை வாசலில். கண்ணால் பார்த்த அறையைப் பற்றி அவர் பேசுவதற்கும், அட்டையில் வாசித்த அறையைப் பற்றிப் பேசுவதற்கும் குரலிலேயே வித்தியாசம் இருக்கும்.

ஆள் அனுப்புகிறவர்களுக்குக் கமிஷன் கொடுக்கலாமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. வாங்குவதும் இல்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு.

தொடங்கிய புதிதில் ஒரு மாணிக்கக் கடைக்காரர் என்னிடம் வந்தார். வெளிநாட்டு விருந்தினரை அனுப்புங்கள், வாங்குவதில் இவ்வளவு தருகிறேன் என்றார். காசு தேவையான காலம், ஒத்துக்கொண்டேன். ஒரு வயதான கணவன் மனைவியை அனுப்பினேன். அவர்கள் வாங்கிய கல்லுக்குக் கொடுத்த விலையைப் பிறகு வேறு இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். திரும்பி வந்து என்னோடு சண்டை போடவில்லை. காலைச் சாப்பாட்டில் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். போகும்போது அந்த அம்மா, "நீங்கள் சொன்னதால்தான் போனோம்" என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அன்றோடு விட்டேன்.

கமிஷன் வந்துவிட்டால் நீங்கள் சொல்லும் இடம் நல்ல இடமா, காசு தரும் இடமா என்று உங்களுக்கே குழம்பிவிடும். மறுபக்கமும் அப்படித்தான். ஆளுக்கு ஐந்நூறு ரூபா என்று நீங்கள் கொடுத்தால், அடுத்த ஒழுங்கைக்காரர் அறுநூறு கொடுக்கும் நாளில் உங்கள் ஆள் அங்கே போய்விடுவார்.

ஆனால் வெறுங்கையோடும் இருக்கக் கூடாது. நான் செய்வது, அவர்களுக்கு வேலை கொடுப்பது. சலவைக்குப் போகிற துணி முழுவதும் ஒரே லாண்டரிக்கு. இடியப்பம் ஒரே அன்ட்டியிடம். வருடத்தில் ஒரு தடவை, கடைக்காரரின் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்து இடம் போதாவிட்டால், ஓர் அறை இரண்டு நாளைக்கு இலவசம். இதைக் கணக்குப் பார்த்தால் கமிஷனைவிடக் கூடவும் வரலாம். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஓட்டோக்காரர்கள் கமிஷன் இல்லாமல் ஆள் கொண்டு வருவார்களா?

எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கிற ஓட்டோ அண்ணன்மார் கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு தடவை கிடைக்கும் ஐந்நூறைவிட, நிச்சயமான ஓட்டம் பெரிது. விருந்தினர் புறக்கோட்டைக்குப் போகவோ கங்காராம விகாரைக்குப் போகவோ வண்டி கேட்டால் முதலில் அந்தத் தரிப்பிடத்துக்குத்தான் கூப்பிடுவேன். இப்போது விருந்தினர் போனில் வண்டி பிடிக்கிற பிக்மீ செயலியில் விலை பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். ஆகவே அண்ணன்மாரோடு இருந்து பேசி, எந்த இடத்துக்கு எவ்வளவு என்று அந்த விலையை ஒட்டி எழுதி ஹோல் சுவரில் ஒட்டிவிட்டோம். பெற்றோல் விலை மாறினால் அதையும் மாற்றுவோம். பேரம் இல்லை, மனத்தாங்கலும் இல்லை.

கட்டுநாயக்க விமான நிலையம் இங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். அதற்கு ஓட்டோ வேண்டாம், அதிவேக வீதியில் ஓட்டோ ஏற முடியாது. தெரிந்த கார் அல்லது வான்காரர் ஒருவர் உங்களுக்கு வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் போன் எடுக்கிற ஆளாக இருக்க வேண்டும். அவர் விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் ஒவ்வொரு குடும்பமும் வழியிலேயே அவரிடம் பத்துக் கேள்வி கேட்கும். "எங்க நல்ல சாப்பாடு, எங்க நிக்கலாம், அடுத்த முறை வந்தா?" அந்த ஒரு மணி நேரப் பேச்சில் உங்கள் வீடு வருவதா இல்லையா என்பது, நீங்கள் அவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. விடிய வந்து இறக்கிவிட்டால் அவருக்கும் ஒரு பிளேன்டீ, இரண்டு துண்டு பாண் சம்பலோடு. வாசலில் நிறுத்திக் காசைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அட்டை, நோட்டீஸ் அடிக்க வேண்டுமா?

ஒரு சின்ன அட்டை போதும். பின்பக்கம் ஒரு வரைபடம்: காலி வீதி, உங்கள் ஒழுங்கை, ரயில் நிலையம், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அடியுங்கள். ஓட்டோக்காரர் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிங்களத்தைச் சிங்களவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், அது அவர்களுடைய இடம்.

காலைச் சாப்பாடு எப்படி விளம்பரமாகும்?

எங்கள் மேசையில் வருவதில் பாதி எங்கள் குசினியில் செய்ததில்லை. இடியப்பமும் சொதியும் பக்கத்து ஒழுங்கை அன்ட்டியுடையது. பாணும் சீனிச்சம்பல் பணிசும் காலி வீதிப் பேக்கரியுடையது. கட்டைச்சம்பல் மட்டும் நான் இடிப்பேன், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழம் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரிடம்.

யார் செய்தது, எங்கே வாங்கியது என்று விருந்தினருக்குச் சொல்லுவேன். சாப்பிட்டுவிட்டு நேரே அன்ட்டி வீட்டுக்குப் போய் இடியப்பம் பிழிவதைப் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்ட்டிக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா? அவர் கோயிலில் சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறார். தன் கைச்சாப்பாடு போகும் வீடு என்பதால் அது அவருக்குத் தன் வீடு மாதிரி.

இன்னொன்று. வீசாவுக்கோ வைத்தியசாலைக்கோ போகிறவர்கள் விடிய ஐந்தரைக்கே இறங்கிவிடுவார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைப் பார்சல் கட்டிக் கொடுங்கள். காலைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறீர்கள். எட்டு மணிக்குத்தான் மேசை என்று சொல்லி அவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

கல்யாண வீட்டுக்காரர்களை எப்படிப் பிடிப்பது?

மண்டபக்காரர்களிடம் போய் நான் ஒன்றும் காணவில்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை. மணப்பெண் அலங்காரம் செய்கிற பெண்களிடம் போங்கள். கல்யாணத்தில் வெளியூர் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எத்தனை மணிக்குத் தலை கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

எங்களுக்கு ஆள் அனுப்புகிற ஓர் அலங்காரப் பெண் முதல் தடவை அறையைப் பார்த்துவிட்டு, "அன்ட்டி, இந்த வெளிச்சத்தில முகத்துக்கு ஒண்டும் போடேலாது" என்று நேராகவே சொன்னார். சொன்னது உண்மை. மஞ்சள் பல்பு ஒன்றுதான் இருந்தது. அந்தக் கிழமையே வெள்ளை வெளிச்சம் போட்டோம், தலையிலிருந்து கால்வரை தெரிகிற கண்ணாடி ஒன்று வாங்கினோம், பிளக் பொயின்ற் இரண்டைக் கூட்டினோம், ஸ்திரிக்கைப் பெட்டியும் மேசையும் வைத்தோம். கூறைச்சேலை மடிப்பெடுக்க நிலத்தில் விரிக்கப் புதுப்பாய் ஒன்று. செலவு பெரிதில்லை. அதற்குப் பிறகு ஆவணி, தை மாத முகூர்த்தங்களுக்கு மூன்று அறையும் சேர்ந்தே போகத் தொடங்கின. முகூர்த்தம் விடியவென்றால் மூன்று மணிக்கு எழும்புவார்கள், நாங்களும் எழும்பிக் கோப்பி போட்டுக் கொடுப்போம்.

அதே மாதிரி போட்டோகிராபர், சமையற்காரர், ஐயர். ஐயர்மாரை மறக்க வேண்டாம். ஊரிலிருந்து கூட வரும் உதவி ஐயருக்குச் சைவச் சுத்தமான இடம் தேவைப்படும். எங்கள் மேல்மாடியில் மச்சம் சமைப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்த பிறகு ஆடிவேல் காலத்திலும் அறை கேட்டு வருகிறார்கள்.

அக்கம்பக்க வீடுகளை மட்டும் நினைவில் வையுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு பாட்டுச் சத்தம் இல்லை என்பதை முற்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டுக்காரரின் கோபத்தை எந்தக் கல்யாண வருமானமும் ஈடுசெய்யாது.

வைத்தியசாலைக்கு வருகிறவர்களுக்காக விளம்பரம் செய்வது சரியா?

விளம்பரம் செய்ய வேண்டாம். வைத்தியசாலை வாசலில் அட்டை கொடுப்பதை நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். பார்மசிக்காரருக்கு உங்கள் வீடு தெரிந்திருந்தால் போதும், தேவைப்பட்டவருக்கு அவர் சொல்வார்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் வருகின்றன. ஒரு நாளுக்கு என்று வந்தவர்கள் பத்து நாள் நிற்க வேண்டி வரும். நாங்கள் மூன்றாம் நாளிலிருந்து விலையைக் குறைப்போம். கஞ்சி கேட்டால் எந்த நேரமும் கஞ்சி. குசினியில் தாங்களே ஏதாவது சமைக்க விரும்பினால் விடுவோம். என்ன வருத்தம் என்று நாங்கள் கேட்பதில்லை, சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போம். படி ஏற முடியாதவருக்கு எங்கள் வீடு சரிவராது, மேல்மாடி. அதைப் போனிலேயே சொல்லிவிட்டு, கீழ்த்தளத்தில் அறை உள்ள வேறொரு வீட்டின் நம்பரைக் கொடுப்பேன்.

அந்த வேறொரு வீடு உங்களுக்குப் போட்டி இல்லையா?

மூன்று அறைக்காரருக்கு எவர் போட்டி? ஒரு குடும்பம் வந்தால் வீடு நிறைந்துவிடுகிறது. தெஹிவளையிலிருந்து பம்பலப்பிட்டி வரை எங்களைப் போன்ற ஐந்து வீட்டுக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். இங்கே இடமில்லாவிட்டால் அங்கே. விதி ஒன்றுதான்: நான் போய்ப் படுக்கச் சம்மதிக்கிற கட்டிலுக்குத்தான் என் ஆளை அனுப்புவேன்.

எனக்குச் சிங்களம் சரியாக வராது. சிங்கள, முஸ்லிம் கடைக்காரர்களோடு எப்படிப் பழகுவது?

காலி வீதியில் ஒரு தமிழ்க் கடை, ஒரு முஸ்லிம் கடை, ஒரு சிங்களக் கடை என்று கலந்துதான் இருக்கின்றன. தமிழ்க் கடைகளோடு மட்டும் நின்றுவிட்டால் பாதித் தெரு உங்களுக்கு இல்லை. பிழையாகப் பேசினாலும் பேசுங்கள். பேக்கரி முதலாளி என் சிங்களத்தைத் திருத்தித் திருத்தியே சிநேகிதராகிவிட்டார்.

நேரம் தெரிந்து போவது முக்கியம். வெள்ளிக்கிழமை மதியம் நானாவின் கடைக்குப் போகாதீர்கள், ஜும்மாவுக்குப் போயிருப்பார். நோன்பு மாதத்தில் பின்னேரம் வியாபாரம் பேசப் போக வேண்டாம், களைத்திருப்பார்கள். பொங்கலுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுங்கள். பெருநாளுக்கு அந்தக் கிண்ணம் வட்டிலப்பத்தோடு திரும்பும், சித்திரையில் சிங்கள வீட்டிலிருந்து கொக்கிஸும் பலகாரமும் வரும், நத்தாருக்குக் கேக். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அறை வாடகைத் தொழிலுக்கு வந்த பிறகு இதை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கிறது.

எந்த மாதங்களில் என்ன எதிர்பார்க்கலாம்?

மார்கழி விடுமுறைக்கும் ஜூலை, ஆகஸ்டிலும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் வருவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற குடும்பங்கள் கொழும்பில் ஒரு நாளாவது நின்று களைப்பாறித்தான் யாழ்ப்பாணம் போகும். திரும்பும்போது இரண்டு நாள் கடைகளுக்காக நிற்கும். பஸ் கவுண்டரும் புடவைக்கடையும் உங்களுக்குக் கைகொடுக்கும் காலம் இது. ஜூன் 13 அந்தோனியார் திருவிழா கொட்டாஞ்சேனைப் பக்கத்தை நிரப்பும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. வெளியூர்ப் பதிப்பாளர்கள், ஆசிரியர்கள் வருவார்கள். புத்தகக்கடைக்காரரோடும், இங்கே வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குக் கூட்டம் பேச வருகிறவர்களோடும் அறிமுகம் இருந்தால் நல்லது.

சித்திரைப் புத்தாண்டை எச்சரிக்கையாகப் பாருங்கள். ஏப்ரல் 13, 14 ஐ ஒட்டிக் கொழும்பே ஊருக்குப் போய்விடும். புறக்கோட்டை பூட்டிக் கிடக்கும், பேக்கரிப் பையன்கள் ஊரில் இருப்பார்கள், ஓட்டோவும் குறைவு. அந்த நாட்களுக்கு வரும் வெளிநாட்டவருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். போயா நாளில் மதுபானம் விற்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்து. மே, ஜூன் மழைக்காலம் மெதுவாகத்தான் போகும். சுவருக்கு நிறம் அடிக்கவும் புதுக் கடைக்காரர்களோடு பழகவும் அதுதான் நேரம்.

பதிவு செய்ய வேண்டுமா?

ஆம், செய்யுங்கள். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலேயே இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. விருந்தினர் இல்லம், ஹோம் ஸ்டே என்று தனித்தனி வகைகள் உண்டு, உங்கள் வீடு எதில் அடங்கும் என்று அங்கேயே கேளுங்கள். மாநகர சபை அலுவல்களையும் முடித்துவிடுங்கள். சான்றிதழ் சுவரில் இருந்தால் டிராவல் ஏஜென்சிக்காரர் தயங்காமல் ஆள் அனுப்புவார். அது இல்லாமல் அனுப்பி ஏதாவது நடந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் அனுப்பிய விருந்தினருக்கும் எங்களுக்கும் பிரச்சினை வந்தால்?

விருந்தினர் கடைக்காரரிடம் போய்ச் சொல்லும் முன் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். ஒரு தடவை எங்கள் மோட்டர் பழுதாகி, கொமியுனிகேஷன் நானா அனுப்பிய குடும்பத்துக்கு ஒரு காலை முழுக்கத் தண்ணீர் இல்லை. வாளியில் தூக்கிக் கொடுத்தோம், அன்றைய வாடகை வாங்கவில்லை. ஒன்பது மணிக்கு நான் நானாவின் கடையில் நின்றேன். "இப்படி நடந்துபோச்சு நானா, உங்கட பெயருக்குக் குறை வந்திட்டுது, மன்னிக்க வேணும்" என்றேன். அவர் பிளம்பரின் நம்பரைத் தந்தார். இப்போதும் ஆள் அனுப்புகிறார்.

பலன் தெரிய எவ்வளவு காலம் எடுக்கும்? முதல் நாள் நான் என்ன செய்ய வேண்டும்?

எங்களுக்கு முதல் ஆள் வர ஏழு கிழமை எடுத்தது. பேக்கரி முதலாளி அனுப்பிய மட்டக்களப்புத் தம்பதி, பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அவர்கள் இன்றும் எங்களிடம்தான் நிற்கிறார்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி யார் சொன்னது?" என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மாத முடிவில் அந்தக் கடைகளுக்குப் போய், உங்கள் ஆள் வந்தார், சந்தோஷமாகப் போனார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அனுப்பியவருக்கு அதைக் கேட்க ஆசை இருக்கும். நாங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தெரியவே வராது.

முதல் நாள் என்றால், நாளைக்கே விடிய ஐந்து மணிக்கு எழும்பி உங்கள் ஒழுங்கை முகப்பில் போய் நில்லுங்கள். எந்த பஸ் வந்து நிற்கிறது, யார் பெட்டியோடு இறங்குகிறார்கள், இறங்கியவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், யாரிடம் போய் வழி கேட்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் வழி கேட்கிற அந்தக் கடையிலேயே ஒரு பிளேன்டீ வாங்கிக் குடியுங்கள். அன்றைக்கு வேறொன்றும் பேச வேண்டாம்.